வெறுங்கால் வீரரும் கிளாஸ்கோ நகரும்

அக்கரப்பத்தனைப் பகுதியிலே 'கிளாஸ்கோ' என்னும் பெயருடைய தேயிலைத் தோட்டம் ஒன்றுண்டு. அதற்கு அணித்தே 'பல்மோரல்' என ஒரு தோட்டம்; தலவாக்கலைப் பக்கம் 'ஹோலிரூட்'; நானுஓயாவிலே 'எடின்பரோ'; டிக்கோயாவிலே 'டங்கெல்ட்'. இவை அனைத்தும் ஸ்கொத்லாந்து தேசத்து ஊர்ப்பெயர்களும் அரண்மனைப் பெயர்களுமாம். தம் நாட்டை விட்டு நெடுந்தொலைவு வந்த துரைமார், பிறந்த மண்ணின் நினைவு மாறாதிருத்தற்பொருட்டு, காடு வெட்டித் திருத்திய நிலங்களுக்கு அப்பெயர்களைச் சூட்டினர். ஊர்ப்பற்று என்பது அத்துணை வலிமையுடையது. ஆயின், அந்நிலங்களிற் கொழுந்து பறித்த மக்களின் ஊர்ப்பெயர் ஒன்றேனும் தோட்டத்துப் பெயர்ப்பலகையில் ஏறியதோ எனின், அரிதினும் அரிது என்றே விடை கூறல் வேண்டும்.

மலைநாட்டிற் கிளாஸ்கோ இருத்தல் போல, அந்தக் கிளாஸ்கோ மாநகரிலும் ஒருகால் நம் கீழைநாட்டின் அடிச்சுவடு பதிந்தது. அது வெறுங்காலின் சுவடு. 1936ஆம் ஆண்டிலே கல்கத்தா நகரத்து உதைபந்தாட்ட வீரர் ஒருவர், சப்பாத்து அணியாத காலுடன் அந்நகரின் புகழ்பெற்ற கழகமொன்றிற்காக ஆடி, ஆயிரக்கணக்கானோரின் கரகோஷத்தைப் பெற்றார். ஒரு சில திங்களுள் எல்லாவற்றையும் உதறிவிட்டு ஊர் திரும்பினார். அவர் பெயர் முகம்மது சலீம். அவர்தம் குறுகிய வரலாறு மலைநாட்டு மக்களாகிய நமக்கு உரைப்பது யாது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் கல்கத்தா நகரின் நிலையை அறிதல் நலம். ஆங்கிலேயர் ஆட்சியிலே உதைபந்து அந்நகரில் வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடவில்லை. ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒரே நிலத்தில், ஒரே விதிக்குட்பட்டு, ஒருவரையொருவர் எதிர்க்கக்கூடிய இடம் அந்நாளில் ஆட்டக்களம் ஒன்றே. 1911ஆம் ஆண்டு யூலை 29ஆம் நாள், மோகன் பகான் கழகத்தார் கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவின் அணியை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ. எவ். ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். பதினொருவருள் ஒருவர் தவிர்ந்த ஏனையோர் வெறுங்காலுடனே ஆடினர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. வங்காளம் முழுவதும் அவ்வெற்றியைத் தன் வெற்றியாகக் கொண்டாடியது. ஆயினும் கல்கத்தா முதற்பிரிவுச் சுற்றுப்போட்டியில் இந்தியக் கழகம் ஒன்று முதலிடம் பெற மேலும் இருபத்து மூன்று ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தன. 1934இல் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் அப்பெருமையைப் பெற்றது. பெற்றதோடு அமையாது 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் அதனைக் காத்தும் நின்றது. அவ்வணியின் வலப்புற முன்னணி வீரராய் விளங்கியவரே சலீம்.

சலீம் 1904இல் கல்கத்தாவின் மெட்டியாபுரூஸ் என்னும் பகுதியிற் பிறந்தார். ஹூக்ளி நதிக்கரையில் அமைந்த அப்பகுதி, நாடிழந்த அவுத் நாட்டு நவாபு வாஜித் அலி ஷா வந்து தங்கிய இடமெனப் பேர் பெற்றது. அதே நதிக்கரையிலிருந்துதான் மொரீசியசுக்கும் திரினிதாத்துக்கும் பீஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாக எண்ணிறந்த மக்கள் கப்பலேற்றப்பட்டனர். மன்னனின் நாடிழப்பும் ஏழையின் ஊரிழப்பும் ஒரே கரையில் நிகழ்ந்தன என்க. அத்தகைய கரையிற் பிறந்த சலீம் வசதி மிக்க குடும்பத்தினர் அல்லர். பல கழகங்களில் ஆடிப் பயின்று, முப்பது வயதை எட்டும் வேளையிலேயே முகமதன் கழகத்தில் நிலைபெற்றார். இந்தியாவில் அக்காலத்து உதைபந்து, பெயரளவிலேனும், ஊதியம் பெறாதாரின் ஆட்டமாகவே இருந்தது. ஆடுவதையே தொழிலாகக் கொண்டு வாழும் வழி அங்கே இல்லை. அவ்வழி கடலுக்கு அப்பால் இருந்தது.

அவ்வழியைச் சலீமுக்குக் காட்டியவர் இங்கிலாந்தில் வாணிகம் செய்து வந்த அவருடைய உறவினர் ஹஷீம் என்பார். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கிற்குச் செல்லும் வழியிற் கல்கத்தாவுக்கு வந்த சீன அணியுடன் நடந்த ஆட்டத்திலே சலீமின் திறமையைக் கண்ட அவர், அவரை வற்புறுத்திக் கப்பலேற்றிக் கிளாஸ்கோவுக்கு அழைத்துச் சென்றார். அடுத்த ஆட்டத்துக்கு வீரரைக் காணாது கல்கத்தாவிலே தேடினர் என்பர்.

நிற்க. இவ்விருவரும் சென்று கதவைத் தட்டிய கழகத்தின் வரலாற்றையும் சிறிது காண்போம். செல்டிக் கழகம் 1887இல் கிளாஸ்கோவின் கீழ்ப்பகுதியில் நிறுவப்பட்டது. நிறுவியவர் சகோதரர் வால்பிரிட் என்னும் துறவி. நிறுவிய நோக்கமோ பசித்த பிள்ளைகளுக்கு உணவளிக்கப் பொருள் திரட்டுதல். அப்பிள்ளைகள் யாவர்? 1840களில் அயர்லாந்தை அழித்த உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் பின், பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த ஏழை அயர்லாந்தினரின் வழித்தோன்றல்கள். பஞ்சத்தால் ஊர் பெயர்ந்து, அந்நிய மண்ணிற் கடும்பணி புரிந்து, தாழ்ந்தோர் என எண்ணப்பட்ட ஒரு கூட்டத்தார் தமக்கென அமைத்துக்கொண்ட கழகம் அது. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலாய மாவட்டங்களிலிருந்து வறட்சிக்கும் கடனுக்கும் அஞ்சிப் புறப்பட்டு, மன்னார்க் காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாய் நடந்து மலையேறிய நம் முன்னோர் வரலாற்றை அறிந்தவர்க்கு இவ்வொப்புமை விளங்காமற் போகாது.

வேறு தொடர்பும் உண்டு. இலங்கைத் தேயிலையை உலகறியச் செய்த தோமஸ் லிப்டன் அதே கிளாஸ்கோவில், அயர்லாந்திலிருந்து வந்த எளிய பெற்றோருக்கு 1848இல் பிறந்தவர். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிப் பெருஞ்செல்வரானார். அவர் பெயரால் 1909இல் இத்தாலியின் தூரின் நகரிலே பன்னாட்டு உதைபந்துக் கிண்ணப்போட்டி ஒன்று நடைபெற்றது. அதனை வென்றோர் வடஇங்கிலாந்தின் வெஸ்ட் ஓக்லண்ட் என்னும் சிற்றூரினர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஆடிய அணி அது. 1911இல் ஜுவென்டஸ் அணியை 6-1 என வென்று கிண்ணத்தை நிலையாகவே பெற்றனர். ஆனால் பயணச் செலவினால் ஏற்பட்ட கடனைத் தீர்க்க வழியின்றி, வென்ற கிண்ணத்தையே விடுதிக்காரி ஒருத்தியிடம் ஈடு வைத்தனர். பல்லாண்டுகள் கழிந்த பின்னரே அதனை மீட்க முடிந்தது. கொழுந்து பறித்தோர் உழைப்பில் விளைந்த பணத்தாற் செய்த கிண்ணம், கரி வெட்டியோர் கையில் தங்காது அடகுக்குப் போயிற்று. தொழிலாளர் ஆட்டத்தால் பெறும் புகழ் எத்துணை நிலையற்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

1936இல் செல்டிக் கழகம் ஸ்கொத்லாந்தின் முதற்பிரிவு வாகையர். அதன் முகாமையாளர் வில்லி மேலி 1897 முதல் அப்பதவியில் இருந்த முதியவர். வெறுங்காலுடன் ஆடுவார் என்று சொல்லி ஒருவரை அழைத்து வந்தபொழுது அவர் வியந்திருத்தல் இயல்பே. எனினும் மறுத்தாரல்லர், சோதித்துப் பார்க்க இசைந்தார். சோதனையிற் சலீம் வென்றார். கழகத்தின் இரண்டாம் அணியில் ஆட இடம் கிடைத்தது. பழம்பெரும் வீரரும் அப்போது கழகத்தின் பயிற்றுநருமான ஜிம்மி மக்மெனமி, சலீமின் முன் அமர்ந்து அவர் பாதங்களுக்குத் துணிக்கட்டுப் போடுங் காட்சியொன்று ஒளிப்படமாக இன்றும் நிலைத்திருக்கின்றது. ஆளும் இனத்தவர் ஒருவர் ஆளப்படும் இனத்தவர் ஒருவரின் காலைப் பிடித்துக் கட்டுப்போடும் அப்படத்தை 1936ஆம் ஆண்டின் தோட்டத்துத் துரையொருவர் கண்டிருப்பின் யாது நினைத்திருப்பாரோ!

சலீம் அங்கே ஆடியவை இரண்டு ஆட்டங்கள். ஒன்று ஹமில்டன் அணிக்கு எதிராகவும் மற்றொன்று கோல்ஸ்டன் அணிக்கு எதிராகவும் நிகழ்ந்தன. ஓகஸ்டு 28ஆம் நாள் நடந்த கோல்ஸ்டன் ஆட்டத்திலே செல்டிக் அணி 7-1 என வென்றது. அவற்றுள் மூன்று கோல்கள் சலீம் எடுத்தளித்த பந்துகளால் விளைந்தன. தண்ட உதை ஒன்றை அடிக்கும்படி அவரை அழைத்தபோது கூச்சத்தால் மறுத்துவிட்டார். மறுநாள் 'ஸ்கொட்டிஷ் டெயிலி எக்ஸ்பிரஸ்' என்னும் நாளிதழ் அவரை இந்தியச் செப்படி வித்தைக்காரர் என்னும் பொருள்படத் தலைப்பிட்டுப் புகழ்ந்தது. பந்து அவர் பெருவிரலில் நிற்பதையும், சிறுவிரலுக்கு உருள்வதையும், மாற்றான் ஒருவனைச் சுற்றி அவர் கடந்து செல்வதையும் வியந்து எழுதியது.

வரலாறு கற்கும் மாணவர் இவ்விடத்தே சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். அப்புகழ்ச்சி பொய்யன்று, ஆனால் முழுமையும் அன்று. ஆட்டக்காரன் என அழையாது வித்தைக்காரன் என அழைத்தது ஏன்? கீழைநாட்டானிடம் காணும் திறமை பயிற்சியால் வந்தது என ஏற்பதினும், மாயத்தால் வந்தது என எண்ணுதலே அந்நாளைய மேலைநாட்டார்க்கு எளிதாயிருந்தது. சலீமின் கால்விரல்கள் மாயத்தாற் பழகியவை அல்ல. கல்கத்தாவின் சேற்றிலும் வெயிலிலும் பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பாற் பழகியவை. அவ்வாறே வெறுங்கால் என்பதும் இருபொருள் உடையது. களத்திலே அது திறமை. களத்துக்கு வெளியே அது வறுமை. அட்டை கடிக்கும் ஈரநிலத்திலும் நுவரெலியாவின் உறைபனிக் காலையிலும் வெறுங்காலுடன் மலையேறிய பெண்டிரைக் கண்டு எவரும் கரகோஷம் செய்ததில்லை. அதே வெறுங்கால் பந்தோடு சேர்ந்தபொழுது மட்டும் வியப்புக்குரியதாயிற்று.

சலீம் அங்கேயே தங்கியிருப்பின் ஊதியம் பெறும் தொழில்வீரர் ஆகியிருத்தல் கூடும். ஜெர்மனியிலிருந்தும் அவருக்கு ஓர் அழைப்பு வந்ததெனக் கூறுவர். அவரோ தொழில்முறை ஆட்டத்தின் வாசற்படியில் நின்று திரும்பிவிட்டார். காரணம், ஊர் நினைவு. சில திங்களுக்குள்ளேயே தாயகத்தின் ஏக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. கழகத்தார் அவரை நிறுத்திக்கொள்ள விரும்பினர். அவர்பொருட்டு ஓர் உதவி ஆட்டம் நடத்தி, வருவாயில் நூற்றுக்கு ஐந்து பங்கு தருவதாகவும் உரைத்தனர் என்று குடும்பத்தார் நினைவு கூறுகின்றது. அப்பங்கு எவ்வளவாகும் என அறியாத சலீம், அதனை அநாதைப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடும்படி கூறினாராம். பின்னர் அது பெருந்தொகை என அறிந்தும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. பசித்த பிள்ளைகளுக்காகத் தோன்றிய கழகத்துக்கு, அதன் தோற்றத்தை அறிந்தோ அறியாமலோ, ஏற்ற பரிசையே அவர் அளித்துவிட்டார்.

இதனைக் கோழைமை எனச் சிலர் கூறலாம். கைக்கு வந்ததை நழுவவிட்டார் என்பர். ஆயின், அவர் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வயது 32, முன்னணி வீரனின் ஓட்டம் தளரத் தொடங்கும் பருவம். சூழ இருந்தோர் மொழி வேறு; உணவு வேறு; குளிர் வேறு. தம்மைப் போன்றார் எவரும் அதற்குமுன் அவ்வழி சென்றதில்லை. வழியின் துன்பத்தைக் கேட்டறிய ஒருவரும் இல்லை. முன்னோடிக்கு உரிய துன்பம் தனிமையே. அதனைப் பணத்தாலும் புகழாலும் ஈடு செய்ய இயலாது எனக் கண்டு திரும்பியவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

1937ஆம் ஆண்டின் ஆட்டப் பருவத்திற்குக் கல்கத்தா வந்து சேர்ந்த சலீம், மீண்டும் தம் கழகத்திற்கு ஆடினார். பின்னர் ஆட்டத்தை விட்டார். உலகமும் அவரை மறந்தது. முதுமையில் நோயுற்றபோது, அவர் மைந்தர் செல்டிக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பணம் வேண்டும் என்பது அவர் உண்மை நோக்கமன்று. தம் தந்தையை அவர்கள் நினைவில் வைத்திருக்கின்றனரா என அறிதலே நோக்கம் எனப் பிற்காலத்தில் அவரே கூறினார். மறுமொழியாக நூறு பவுணுக்கான வங்கிக் காசோலை வந்தது. அதனை அவர்கள் பணமாக மாற்றவில்லை. நினைவுப் பொருளாகவே பேணி வைத்தனர். சலீம் 1980இல் காலமானார். நூறு பவுணினும் நினைவு பெரிது என்று கருதிய அந்த ஏழைக் குடும்பத்தின் பெருமிதம், கோல்ஸ்டன் ஆட்டத்தின் ஏழு கோல்களினும் சிறந்தது எனல் மிகையாகாது.

வெறுங்கால் ஆட்டத்தின் காலமும் விரைவில் முடிந்தது. 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியினருட் பலர் சப்பாத்தின்றியே பிரான்சை எதிர்த்து ஆடி 1-2 எனத் தோற்றனர். இந்தியாவின் அவ்வொரு கோலை அடித்தவர் சாரங்கபாணி இராமன். கிடைத்த இரண்டு தண்ட உதைகளும் வீணாகாதிருப்பின் முடிவு வேறாயிருத்தல் கூடும். 1952இல் ஹெல்சிங்கியில் குளிர்ந்த களத்திலே யூகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்ற பின், சப்பாத்தணிதல் இந்தியாவிற் கட்டாயமாயிற்று. அவ்வாண்டிலேயே கொழும்பில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளும் பங்குகொண்ட கொழும்புக் கிண்ணப் போட்டியும் தொடங்கியது.

இனி, நம் மலைநாட்டுக்கு வருவோம். இங்கே துரைமார் பெரிதும் விரும்பியவை றக்பியும் கிரிக்கெட்டும். டிக்கோயாவின் டரவெல்லையிலும் ராதெல்லையிலும் அவர்தம் கழகங்களும் பசும்புல் மைதானங்களும் இருந்தன. லயத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததோ பிரட்டுக்களமும், தொழிற்சாலைக்கு அருகே ஏதேனும் ஒரு துண்டுச் சமநிலமும். மலைச்சரிவிலே பந்து உருண்டால் ஓடைக்குப் போகும். அதனை எடுத்து வருவதும் ஆட்டத்தின் ஒரு கூறே. அவர்களும் வெறுங்காலுடனே ஆடினர். அவர்களுள்ளும் சலீமை ஒத்த விரல்கள் இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கல்கத்தாவிற் சலீமைக் காண ஓர் உறவினரும், எழுத ஒரு நாளிதழும், ஆடிக் காட்ட ஒரு கழகமும் இருந்தன. லயத்துப் பிள்ளைக்கு இம்மூன்றும் இல்லை.

இதனினும் ஆழ்ந்த வேறுபாடு ஒன்றுண்டு. ஏக்கம் மிகுந்தபோது சலீமுக்குத் திரும்பிச் செல்ல ஓர் ஊர் இருந்தது. மலைநாட்டாருக்கோ எது ஊர் என்ற வினாவே பெருவினாவாயிற்று. 1939 ஓகஸ்டு முதலாம் நாள் முதல் தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்திய அரசு தடை செய்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் இங்கு வாழ்ந்தோரிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964இல் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் எண்ணிக்கையாற் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரையும் 1974இன் உடன்பாடு செம்பாதியாகப் பிரித்தது. ஆற்றங்கரையில் மணலை அளப்பதுபோல மக்களை அளந்தனர். பாட்டன் புதைக்கப்பட்ட இடம் தேயிலைச் செடியடியில் இருக்க, பேரன் மண்டபத்திற்குக் கப்பலேறினான். அங்கே நீலகிரித் தோட்டங்களில் மீண்டும் கொழுந்தெடுத்தோர் பலர். 2003ஆம் ஆண்டின் சட்டத்தினாலேயே இங்கு எஞ்சியிருந்த நாடற்றோரின் குறை தீர்ந்தது. ஊர் நினைவு என்பது சலீமுக்கு நோயாக வந்து, கப்பலேறியதும் தீர்ந்தது. நம்மவர்க்கோ எத்திசைக் கப்பல் ஏறினும் தீராத நோயாய் இருந்தது.

ஆதலின், சலீமின் வாழ்வைக் குறுகியதென்றும் நிறைவேறாததென்றும் கூறி முடித்தல் பொருந்தாது. இரண்டு ஆட்டங்கள் மட்டுமே ஆடிய ஒருவரை எண்பது ஆண்டுகள் கடந்தும் நாம் பேசுவது எதனால்? ஒரு நிருபர் எழுதினார். ஓர் ஒளிப்படக்காரர் படம் பிடித்தார். ஒரு மைந்தர் கடிதம் எழுதினார். அவ்வளவே. எழுதப்பட்டது நின்றது. எழுதப்படாதோர் எத்தனை ஆண்டுகள் ஆடினும் மறைந்தனர். நம் தோட்டங்களில் ஆடி, கழகம் அமைத்து, கேடயம் வென்று, பின் ஒப்பந்தத்தால் பிரிந்து சென்ற வீரர்களின் பெயர்கள் இன்று எஞ்சியுள்ள முதியோர் சிலரின் நாவில் மட்டுமே வாழ்கின்றன. அந்நாவும் அடங்குமுன் அவற்றைக் கேட்டு எழுதி வைத்தல், வரலாறு பயிலும் மாணவரின் கடமையும் கற்பிக்கும் ஆசிரியரின் கடமையுமாம். அதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு குறிப்பேடும், விடுமுறை நாளொன்றில் லயத்து வாசலில் அமர்ந்து கேட்கும் பொறுமையுமே வேண்டும்.

அக்கரப்பத்தனையின் கிளாஸ்கோத் தோட்டத்துக்கு அப்பெயரிட்டவர் தம் ஊரை மறக்கவில்லை. கிளாஸ்கோ நகருக்குச் சென்ற சலீமும் தம் ஊரை மறக்கவில்லை. இவ்விருவருக்கும் இடையே, அம்மண்ணைத் தம் ஊராக்கியும் தம் பெயரை அதில் எழுதப் பெறாத மக்கள் நாம். நம் பெயரை நாமே எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.